அம்முலுவிடம் இருந்த சாவி

எங்கள் தெருவுக்குப் பூட்டு வந்தது அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம். அதுவரை நாதாங்கியை இழுத்து மாட்டி, கொண்டியில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டுத்தான் கழனிக்குப் போவோம். ஆடு, நாய் உள்ளே போகாமல் இருந்தால் போதும். அந்த அறுவடையின்போது பட்டப்பகலில் செல்லாயி வீட்டில் யாரோ குச்சியை உருவிவிட்டு உள்ளே புகுந்து, இரண்டு பித்தளைக் குடத்தையும் அவளுடைய கலியாணப் புடவையையும் கொண்டுபோய்விட்டார்கள். செல்லாயி குடத்துக்கு அழவில்லை, புடவைக்கு மூன்று நாள் அழுதாள்.

என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் அடுத்த சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு உத்திரமேரூர் போய், பங்காளிகள் ஐந்து வீட்டுக்கும் ஒரே மாதிரி ஐந்து திண்டுக்கல் பூட்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு பூட்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றியிருந்தது. நான் ராஜகுளத்தில் பிறந்தவள், காஞ்சிபுரத்தில் எட்டாவது வரை படித்தவள். தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். காகிதத்தை நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் விடக் கூடாது, பிசுக்கில் தூசி ஒட்டிப் பூட்டு இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டு சாவியையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது.

"பூட்டுக்கு எண்ணெ முழுக்கா?" என்று சிரித்தாள் அம்முலு. "சீயக்காயும் தேய்க்கச் சொல்லிக்கீதா பாரு அண்ணி."

அம்முலு என் நாத்தனார். அவருக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. உள்ளூரிலேயே, எங்கள் தெருக்கோடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் வேதாசலம் உத்திரமேரூர் யூனியன் ஆபீசில் வாட்ச்மேன், வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். ஒரே பையன், வரதன். யாரையும் தெரியாமல் இந்த ஊருக்கு வந்த எனக்கு ஆற்றில் ஊற்றுத் தோண்டவும், வரட்டி தட்டவும், மாமியாரிடம் எப்போது பேசக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். என் மகள் மலர்க்கொடியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாடி மருமவளே" என்பாள்.

இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. "பொறந்த பொண்ணு கைல இருக்கட்டும்" என்றார். மற்ற நாலு வீட்டிலும் அதையே செய்தார்கள். அந்த நாலு வீட்டுக்கும் அம்முலு மகள் முறைதானே. அது மட்டுமில்லை, ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அவள் மேல் சாமி வரும். சாமி வருகிறவள் கையில் சாவி இருந்தால் வீட்டுக்கே காவல் என்று நினைத்தார்கள். ஐந்து சாவியையும் ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நடந்தால் மாட்டுச் சலங்கை மாதிரிச் சத்தம் வரும்.

பூட்டைச் சுத்தம் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. காகிதத்தைப் படித்தவள் நான் அல்லவா. ஐந்து பூட்டையும் வாங்கிவந்து கழுவி, கோழி இறகால் துவாரத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டுத் திருப்பித் தருவேன்.

மறு வருஷம் பங்குனியில் தண்டோரா போட்டார்கள். நாளைக்கு அம்மை குத்துகிறவர்கள் வருகிறார்கள், குழந்தை குட்டியோடு எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்று. பள்ளிக்கூடச் சுவரில் நோட்டீசும் ஒட்டியிருந்தது. நான் இரண்டு தடவை நின்று படித்தேன். குத்திக்கொண்டால் அம்மை வராது, ஒரு பைசா தர வேண்டாம் என்று இருந்தது. மலருக்கு அப்போது ஐந்து வயது. குத்திவிடலாம் என்றுதான் எனக்கு. வீட்டில் சொன்னேன்.

"அம்முலுவை ஒரு வார்த்த கேளு" என்றார் அவர்.

கேட்கப் போனால் அங்கே ஏற்கெனவே கூட்டமாக இருந்தது.

"ஆத்தாளுக்குக் கரகம் எடுத்த கையில ஊசியக் குத்திக்கினா அவ சும்மா உடுவாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அம்முலு. "வராதவளையும் வா வான்னு இட்டாந்த மாதிரி ஆயிடும்."

"வூட்டு வாசல்ல வந்து நின்னா இன்னா பண்றது?" என்றாள் செல்லாயி.

"அதுக்குத்தான பூட்டு கீது? ஆம்பளைங்க கழனிக்குப் போய்டட்டும். நீங்க புள்ளைங்கள வச்சிக்கினு உள்ள குந்துங்க. நான் ஒவ்வொரு வூடா வெளிய பூட்டிக்கினு, என் வூட்டையும் பூட்டிக்கினு, வரதன இழுத்துக்கினு ஆத்துப் பக்கம் போய்ட்றேன். பூட்டிக் கெடக்குற வூட்டுல யாரக் குத்துவான்? ஒரு அவுர்ல போய்டுவாங்க. வந்து தொறந்து உட்றேன்."

"நீ வரலன்னா நாங்க உள்ளயே கருவாடுதான்" என்றாள் செல்லாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் நோட்டீசில் இருந்ததைச் சொன்னேன். அம்முலு என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்சவ நீ, உனக்குத் தெரியாததா அண்ணி. ஆனா என் மருமவளுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா?" என்றாள். சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில் வெளியே நாதாங்கி விழுந்தது. பூட்டு நாக்கு உள்ளே போகும் சத்தம் கேட்டது. சலங்கைச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போனது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். விரற்கடை அளவு நகர்ந்து நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு வாசல்தான். பின்பக்கம் மண்சுவர், மேலே விழல் கூரை. அப்போதுதான் அடுப்பு எரிந்துகொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. கூரை வீட்டில் அடுப்பு எரிகிறது, வெளியே பூட்டியிருக்கிறது, ஆணியில் தொங்கும் சாவியால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டி அணைத்தேன். அவசரத்தில் வேண்டியதைவிட அதிகமாகக் கொட்டிவிட்டேன்.

மலர் கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வந்து என் காதோடு கேட்டாள். "ம்மா, நாம வெளிய போயிட்டமா, உள்ள கீறமா?"

பூட்டியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்த வழக்கம். "வெளிய போயிட்டோம், பேசாத" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம். இரண்டு ஆண் குரல்.

"இதுவும் பூட்டு சார்."

"என்னய்யா இது, தெருவே பூட்டிக் கெடக்கு? தட்டிப் பாரு."

தட்டினார்கள். மலருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் வாயை என் உள்ளங்கையால் பொத்தினேன். மூச்சு சூடாகக் கையில் பட்டது. நோட்டீசில் படித்தது முழுவதும் அந்த நேரத்தில் என் கண்முன் நின்றது. கூப்பிட்டுவிடலாம். உள்ளே இருக்கிறோம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். ஆனால் கூப்பிட்டால் யார் பூட்டியது என்று கேட்பார்கள். வேதாசலம் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர். அம்முலுவுக்குத் தலைக்குனிவாகிவிடும். அதை நினைத்துத்தான் பொத்திய கையை நான் எடுக்கவில்லை.

"எழுதிக்கோ. அஞ்சு வீடு பூட்டு" என்றார் ஒருவர். போய்விட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கூரை காய்ந்து உள்ளே அனல் இறங்கியது. மலர் தண்ணீர் கேட்டாள். குடத்தடியில் இருந்த அரைச் சொம்பைக் கொடுத்தேன். மறுபடி கேட்டாள். அடுத்த வீட்டிலிருந்து செல்லாயி, "அம்முலு செத்தாளா பொழைச்சாளா?" என்று கத்துவது கேட்டது. நிழல் கிழக்கே சாய்ந்த பிறகுதான் சாவிச் சத்தம் வந்தது. ஒரே திருகில் பூட்டு திறந்தது.

அம்முலுவின் முகமெல்லாம் வியர்வை. "கோச்சிக்காத அண்ணி. எதிர் வூட்டுப் பூட்டுதான் மொதல்ல தொறந்தேன், ஒரே பேஜாரு. சாவி உள்ளயே போவல. மக்கர் பண்ணிக்கினே கெடந்துச்சி."

எதிர் வீட்டுப் பூட்டை நான் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கழுவி எண்ணெய் விட்டிருந்தேன். இரண்டு விரலால் திருப்பினாலே திரும்பியது. ஒருவேளை எண்ணெய் அதிகமாகி அழுக்குப் பிடித்துவிட்டதோ என்று என்மேலேயே சந்தேகப்பட்டேன். அன்று சாயங்காலம் போய் அதை வாங்கிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. சாவியைத் தலைகீழாக வைத்திருப்பாள் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கோவணத்தோடு அலைந்தபோது வரதன் மட்டும் முழங்கை வரை சட்டை போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தான். "தொரை வூட்டுப் புள்ள" என்று செல்லாயி கேலி செய்தாள். அம்முலு சிரித்தாள்.

வைகாசி முதல் வாரத்தில் மலருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்துப் போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். தாளிப்பதை நிறுத்தினோம். வாழை இலையில் படுக்கவைத்தோம். யாரும் வாசற்படி ஏற பயந்தார்கள். அம்முலு மட்டும் பயப்படவில்லை. வரதனைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்தாள். மலர் எச்சில் பண்ணிய இளநீரை அவனுக்குக் கொடுத்தாள். நான் கண் அசரும்போது அவள் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் மலருக்கு விசிறினாள். உடம்பு முழுக்க வெடித்திருந்த பிள்ளையை என்னைவிட நோகாமல் புரட்டிப் போட்டாள்.

"ஆத்தாவே அவ மேல கீறா. அவளுக்கு இன்னா பயம்?" என்றாள் செல்லாயி வெளியில் நின்றபடி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பதினோராம் நாள் விடியற்காலையில் மலர் போய்விட்டாள். அவள் குரல் ஒன்பதாம் நாளே போயிருந்தது. தெருவில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. செல்லாயியின் பேரன் பிழைத்தான், ஒரு கண் இல்லாமல். வரதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் பூசாரி அம்முலு வீட்டு வாசலில் கற்பூரம் ஏற்றினார். என் வீட்டுக்காரரும் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். "நம்மகிட்ட இன்னா கொறையோ" என்று மட்டும் சொன்னார்.

ஆனி நடுவில் அம்மை குத்துகிறவர்கள் திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை யாரும் பூட்டவில்லை. பெரியவராக ஒருவர் பெரிய நோட்டுப் புத்தகத்தோடு என் வாசலில் நின்றார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். "ரெண்டு பேரு" என்றேன். அவர் பக்கங்களைப் பின்னால் திருப்பி, "போன தடவை பூட்டியிருந்ததே" என்றார்.

நோட்டு எனக்குத் தலைகீழாக இருந்தது. தலைகீழாகவும் எனக்குப் படிக்க வரும். எங்கள் ஐந்து வீட்டுக்காரர்கள் பெயரும் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பூட்டு, பூட்டு, பூட்டு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, அதே தேதியில்: அம்முலு, கணவர் வேதாசலம், வயது 26. வரதன், வயது 6. பள்ளிக்கூடத்தில் குத்தியது, பகல் பன்னிரண்டு மணி.

"இது யாருங்க?" என்று விரலை வைத்துக் கேட்டேன்.

"உங்க தெருதாம்மா. அன்னிக்கு அந்த அம்மா ஒருத்திதான் பையனை இழுத்துக்கிட்டு வந்தாங்க. யூனியன் ஆபீஸ்காரர் சம்சாரம், விவரம் தெரிஞ்சவங்க. குத்துன எடத்துல மருந்து காயட்டும்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாங்க. மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்களேன்னு கூடச் சொன்னேன். தெருவுல ஒரு ஈ காக்கா இல்லீங்க, எல்லாரும் கழனிக்குப் போயிட்டாங்கன்னாங்க."

கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். முள் வைத்த வட்டக் கருவி ஒன்றைத் தோளுக்குக் கீழே வைத்துத் திருகினார். வலித்ததா என்று எனக்கு நினைவில்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். செய்யாற்றில் அப்போது தண்ணீர் இல்லை, மணலில் ஊற்றுத் தோண்டித்தான் மொள்ள வேண்டும். அம்முலு ஊற்றுப் பள்ளத்தில் குந்தி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, நீயும் குத்திக்கினியா?"

"உனக்கு எந்தக் கையில குத்துனாங்க?" என்றேன்.

கொட்டாங்கச்சி அப்படியே நின்றது. அவள் இடது கை ரவிக்கையைக் கீழே இழுத்துவிட்டாள். தன்னை அறியாமல்தான் இழுத்திருப்பாள்.

"யார் சொன்னது?"

"நோட்டுல எழுதிக்கீது. படிச்சேன்."

கொட்டாங்கச்சியை மணலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆபீசுல வேல செய்யறவன் வூட்ல குத்திக்கலன்னா சீட்டக் கிழிச்சிடுவோம்னு இவர மெரட்டிக்கீறாங்க அண்ணி. வந்து கால்ல உழாத கொறையா அழுதாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

"குத்திக்கோ. யார் வேணாம்னது? எங்கள ஏன் உள்ள வச்சிப் பூட்டுன?"

"தெருவுல அத்தினி பேரு நின்னுக்கினு இருந்தா நான் எப்பிடிப் பள்ளிக்கூடத்துக்குப் போறது? சாமி வர்றவ ஊசி குத்திக்கினான்னா அப்புறம் எவ என்ன மதிப்பா? நைனா காலத்துலேந்து எங்க வூட்டுக்கு வர்ற சாமி."

எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அன்று அவள் மறைத்தது எங்களை இல்லை. அவள் நடந்து போவதை நாங்கள் பார்க்கக் கூடாது. அதற்காக ஐந்து வீட்டு ஜனங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பூட்டுக்குள் என் மகளும் இருந்தாள்.

"சரி, மலரையும் உன்கூட இட்டுக்கினு போயிருக்கலாமே. மருமவ மருமவன்னியே."

"என்கிட்ட சொல்லியிருந்தா" என்று சேர்த்தேன். "என்கிட்ட மட்டும்."

"சொல்லியிருந்தா நீ வாய மூடிக்கினு இருந்திருப்பியா அண்ணி?"

அவள் அதை வெடுக்கென்று கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். ஏழு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவள் பெயர் கெடக் கூடாதென்று நான் என் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதி அவளுக்கு இல்லை என்று தோன்றியது.

"அண்ணனாண்ட சொல்லாத" என்றாள். இப்போது அழுதாள். "வெட்டிப் போட்டுடும். என்ன வேணா நீ அடி. அதாண்ட மட்டும் சொல்லாத."

"என் வூட்டுச் சாவியக் குடு."

இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். கை ஈரமாக இருந்ததால் நேரம் ஆயிற்று. ஐந்தில் ஒன்றைத் தேடி எடுத்து என் கையில் வைத்தாள். குடத்தை நிரப்பாமலே நான் வந்துவிட்டேன்.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீடுவரை நடந்தேன். வாசலில் அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் ஆளே பாதியாகியிருந்தார். அவருக்கு மலர் போய்விட்டாள். பெற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது தங்கை ஒருத்தி. அவளுக்கு இருப்பது சாமியின் அருள் என்று நம்பித்தான் அவர் அந்த மாதத்தைத் தள்ளினார். அதையும் நான் பிடுங்குவதா? நாளைக்குச் சொல்லலாம் என்று உள்ளே போனேன்.

சாயங்காலம் ஆணியில் இரண்டு சாவியும் ஒன்றாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சுலோச்சனா, ரெண்டும் ஒரே எடத்துல கீது? அம்முலுகிட்ட இருந்தது இல்ல இது?"

"அவதான் குட்த்தா" என்றேன். "ஆத்துல வுழுந்து தொலைஞ்சி போய்டப் போவுதுன்னு."

"சேச்சே. ரெண்டையும் ஒண்ணா வக்கக் கூடாதுன்னு நீதான படிச்ச? பொறந்த பொண்ணு கைல இருக்கட்டும்."

"நாளைக்குக் குடுக்கறேன்."

மறுநாள் நான் கொடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் கழனியிலிருந்து வந்து பார்த்தபோது ஆணியில் ஒரு சாவிதான் இருந்தது.

அம்முலு செத்து நாலு வருஷம் ஆகிறது. அவரும் போன ஆவணியில் போய்விட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. கடைசிவரை அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குக் கொள்ளி வைத்தது வரதன்தான். சட்டையில்லாமல் ஈர வேட்டியோடு அவன் குடம் சுமந்து சுற்றியபோது இடது தோளில் அந்த வட்டத் தழும்பை ஊரே பார்த்தது. இப்போது எல்லோர் கையிலும் அது இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

ஆணியில் ஒரு சாவி மட்டும் தொங்கிய அந்த மூன்றாம் நாள் அவர் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நானே போய்க் குட்த்துட்டு வந்தேன்."

"வாங்கிக்கினாளா?"

"வாங்கிக்கினா. இடுப்புல சொருவிக்கினு ஓன்னு அழுதா. கொழந்த ஞாபகம் வந்துடுச்சி போல."

"இருக்கும்" என்றேன். சோற்றைப் போட்டேன்.